உங்கள் கம்ப்யூட்டரே சர்வர்: கட்டடங்களின் எரிசக்திக் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இன்டர்நெட் என்றால், எங்கோ இருக்கும் தளத்தை பிரவுசரில் திறந்து பார்ப்பது என்ற எண்ணம் இருக்கும். அந்தத் தளத்தை இயக்கும் சர்வரும் ஒரு கம்ப்யூட்டர்தான். உங்கள் மேசை மேல் இருப்பதையே சர்வராக்கி, அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் பார்க்கவும் முடியும். இதற்கு உதாரணமாக ஒரு முகவரிப் புத்தகத்தைக் காட்டுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது நிஜமாகவே நகர நிர்வாகங்களுக்காக எழுதப்பட்ட ஒரு வெப் அப்ளிகேஷன். பெயர் சீட். அமெரிக்க எரிசக்தித் துறையின் முயற்சியில் உருவானது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் காசு கொடுக்க வேண்டாம். உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கவும் தடையில்லை.

ஒரு நகரத்துக்கு இது எதற்கு? நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் எரிசக்திச் செலவைத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த நகரம் 2009இல் சட்டம் போட்டது. 2018இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, பள்ளி மாணவனின் கிரேடு போல ஏ, பி, சி, டி என்ற எழுத்தைக் கட்டடத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. 2024 முதல் வரம்புக்கு மேல் வெளியேறும் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் வரை அபராதம். ஆக, ஒரு கட்டடத்தின் பெயருக்கு எதிரே தவறான எண் ஏறினால் அது எக்செல் தவறோடு நிற்காது. இத்தகைய கணக்குகளை ஆயிரக்கணக்கான கட்டடங்களுக்கு ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் வகையைச் சேர்ந்ததுதான் சீட்.

நிறுவுவது எப்படி?

சீட் தனியாக இயங்காது. அதற்கு போஸ்ட்கிரேஸ் என்ற டேட்டாபேஸ் வேண்டும், ரெடிஸ் வேண்டும், பைதானும் அதன் துணைப் பொருள்களும் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாக நிறுவப் புறப்பட்டால், ஒன்றின் பதிப்பு மற்றதோடு ஒத்துப்போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். எனவே டாக்கர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். சாதம் ஒரு அடுக்கில், குழம்பு ஒரு அடுக்கில், பொரியல் ஒரு அடுக்கில். ஒன்றோடொன்று கலக்காது, ஆனால் ஒரே பிடியில் எல்லாம் வந்துவிடும். டாக்கரில் அந்த அடுக்குக்குப் பெயர் கன்டெய்னர்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டாக்கர் டெஸ்க்டாப்பை டவுன்லோட் செய்து நிறுவுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். 8 ஜிபி ராம் இருந்தால் நல்லது. "விர்ச்சுவலைசேஷன் இல்லை" என்று அது முரண்டு பிடித்தால், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் அமைப்பில் அந்த வசதியை ஆன் செய்ய வேண்டியிருக்கும். அடுத்து கிட்ஹப் தளத்தில் சீட் பிளாட்பார்ம் என்று தேடி, அதன் புரோகிராம் பைல்களை ஜிப் வடிவில் இறக்கி, ஒரு போல்டரில் விரித்து வையுங்கள்.

யூசர் பெயர், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பெயர், ரகசியச் சாவி ஆகியவற்றை சீட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதே போல்டரில் புள்ளியில் தொடங்கி என்வி என்று முடியும் பெயருள்ள சிறிய டெக்ஸ்ட் பைலில் இவற்றை எழுதி வைக்கலாம். நோட்பேடில் சேமிக்கும்போது கவனம். "ஆல் பைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நோட்பேட் தன் பங்குக்கு ஒரு டிஎக்ஸ்டியைப் பெயரின் வாலில் ஒட்டிவிடும். டாக்கர் அந்த பைலைக் கண்டுகொள்ளாது. விளக்கப் பக்கத்தில் உதாரணமாக உள்ள பாஸ்வேர்டை அப்படியே காப்பி செய்யவும் வேண்டாம். அது உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு.

சேமிப்புக்கென இரண்டு வால்யூம்களை உருவாக்கும் கட்டளைகளும் அந்த விளக்கப் பக்கத்திலேயே இருக்கின்றன. கட்டடத் தகவல்கள் இந்த வால்யூமில்தான் தங்கும். கன்டெய்னரை அழித்தாலும் தகவல் பிழைக்கும். வால்யூமை அழித்தால் எல்லாம் போச்சு. பிறகு கமாண்ட் விண்டோவில் அந்த போல்டருக்குப் போய் "டாக்கர் கம்போஸ் அப்" கட்டளையைக் கொடுங்கள். முதல் தடவை நிறைய டவுன்லோட் ஆகும், எழுந்து காபி குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் லாகின் பக்கம் வரும். 127.0.0.1 என்ற எண்ணும் அதே இடம்தான்: "இந்தக் கம்ப்யூட்டர்" என்று பொருள். வேறொரு வெப் சர்வர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் 80ஆம் எண் போர்ட் காலியில்லை என்ற பிழைச் செய்தி வரும். அதை முதலில் நிறுத்துங்கள்.

தகவலை ஏற்றுவது

இங்கேதான் நிதானம் தேவை. எக்செல் பைலை ஏற்றியதும், உங்கள் பைலின் எந்த நெடுவரிசை சீட்டின் எந்த நெடுவரிசைக்குப் பொருந்தும் என்று கேட்கும். இதற்கு மேப்பிங் என்று பெயர். பரப்பளவு சதுர அடியா, சதுர மீட்டரா என்பதையும் இங்கேதான் சொல்கிறோம்.

ஒத்திகைக்காக நானே பன்னிரண்டு கற்பனைக் கட்டடங்களைத் தட்டச்சு செய்தேன். அமெரிக்காவில் எரிசக்தியை கே.பி.டி.யு. என்ற அளவில் சொல்வார்கள். ஆண்டுச் செலவைச் சதுர அடியால் வகுத்து வரும் எண்ணுக்கு இ.யு.ஐ. என்று பெயர். குறைவாக இருந்தால் சிக்கனமான கட்டடம். 50,000 சதுர அடிக் கட்டடம் ஒன்று 40 லட்சம் கே.பி.டி.யு. செலவழித்தால் இ.யு.ஐ. 80. அதன் பரப்பை 4,645 என்று சதுர மீட்டரில் போட்டுவிட்டு சதுர அடி என்று சொல்லிவிட்டேன். 861 வந்தது. அபத்தமாக இருந்ததால் உடனே கண்ணில் பட்டது.

அதே போன்ற இன்னொரு கட்டடத்துக்கு 23 வந்திருந்தது. அதைப் பார்த்து, பரவாயில்லையே என்று பாராட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மறுநாள்தான் உறைத்தது. கரன்ட் பில் பார்த்த பழக்கத்தில் எரிசக்தியை யூனிட்டில், அதாவது கிலோவாட் மணியில், போட்டிருந்தேன். ஒரு யூனிட் 3.412 கே.பி.டி.யு. ஆகும். 80ஐ 3.412ஆல் வகுத்தால் அந்த 23 வரும்! சீட்டில் டேட்டா குவாலிட்டி என்ற சோதனை இருக்கிறது. ஆனால் 10 முதல் 1000 வரை சரி என்று விதி போட்டால் 861, 23 இரண்டுமே தப்பித்துவிடும். கட்டடத்தின் வகையைப் பார்த்து எல்லையை நெருக்கமாக வையுங்கள்.

புதிதாகச் சேர்ப்பது

நான் கண்ட தீர்வு, பில்லில் உள்ளதை அப்படியே ஏற்றிவிட்டு மாற்றும் வேலையை சீட்டிடமே விடுவது. மின்சார யூனிட் ஒரு நெடுவரிசை, எரிவாயு தெர்ம் இன்னொரு நெடுவரிசை. சீட்டில் இல்லாத பெயராக இருந்தாலும் கூடுதல் நெடுவரிசையாக ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் எண் வகை என்று குறித்துவிட்டு, டிரைவ்ட் காலம் என்ற வசதியில் சூத்திரம் எழுதுங்கள்: யூனிட்டை 3.412ஆல் பெருக்கு, தெர்மை 100ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டிச் சதுர அடியால் வகு. ஒரு வரி புரோகிராமும் தேவையில்லை.

கட்டட உரிமையாளர் தானே கொடுத்த இ.யு.ஐ. உங்களிடம் இருந்தால், அதையும் நீங்கள் கணக்கிட்டதையும் ஒன்றால் ஒன்று வகுத்துப் பாருங்கள். ஒன்றை ஒட்டி வந்தால் சரி. 3.4 வந்தால் யூனிட் குழப்பம், 10.76 வந்தால் சதுர மீட்டர் குழப்பம். எங்கே தேட வேண்டும் என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் ஏபிஐ வழியாக பைதானிலிருந்தே தகவலை எடுக்கலாம், போடலாம். புரொபைல் பக்கத்தில் கிடைக்கும் ஏபிஐ சாவியை பாஸ்வேர்டு போலவே பத்திரமாக வைத்திருங்கள். சீட்டின் உள்கட்டமைப்பு ஜாங்கோவில் எழுதப்பட்டது. அதைத் தொடுவதற்கு முன் டேட்டாபேஸை ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே கமாண்ட் விண்டோவில் கன்ட்ரோலையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சர்வர் நின்றுவிடும். சும்மா ஓடவிட்டால் ராம்தான் வீண்.