கியூபாவில் அரசாங்க ஹோட்டல்: ரூம்ல ஏன் சோப்பு இல்ல?

இந்த எபிசோட் கியூபாவுல அரசாங்கம் நடத்துற மலிவு விலை ஹோட்டல்களைப் பத்தி. ஹவானாவுல இருக்குற அஞ்சு நட்சத்திர ஹோட்டல் இல்ல. சின்ன ஊர்கள்ல நாலு மாடி கான்கிரீட் கட்டடமா, பெயின்ட் உரிஞ்சு நிக்குமே, அந்த ரகம். 2023 தொடக்கத்துல, மத்திய கியூபாவுல ஒரு சின்ன ஊர்ல, அப்படி ஒரு ஹோட்டல்ல மூணு ராத்திரி தங்கினேன்.

இந்த மாதிரி ஹோட்டல்களோட ரிவ்யூக்களைப் படிச்சா எல்லாம் ஒரே பாட்டுதான்: வெந்நீர் இல்ல, சோப்பு இல்ல, டாய்லெட்ல சீட் இல்ல. நான் பார்த்ததும் அதேதான். ஆனா ஏன் இல்லங்கிற கேள்வியை யாரும் கேக்குறதில்ல.

'நோ ஐ'

கட்டில் விரிப்பு சுத்தமா இருந்துச்சு. துண்டை அன்னப்பறவை மாதிரி மடிச்சு வச்சிருந்தாங்க. சோப்பு மட்டும் இல்ல. ரிசப்ஷன்ல கேட்டா, 'நோ ஐ'. ஸ்பானிஷ்ல 'இல்லை'ன்னு அர்த்தம். காலைல முட்டை? நோ ஐ. தண்ணி பாட்டில்? நோ ஐ. கியூபாவுல ஒரு நாளைக்கு நீங்க அதிகமா கேக்கப்போற வார்த்தை இதுதான்.

இதுக்கு ரிசப்ஷன்ல இருக்கிறவங்களோட அலட்சியம் காரணம் இல்ல. ஹோட்டலை நடத்துறது அரசு நிறுவனம். சரக்கு மேலிருந்து ஒதுக்கீடாக வர வேண்டும். நாட்டுக்குத் தேவையான பெரும்பாலான பொருள்கள் இறக்குமதி. அதுக்கு அந்நியச் செலாவணி வேணும். 1962 முதல் அமெரிக்கப் பொருளாதாரத் தடை இருக்கு. டாலர் கொண்டு வந்த சுற்றுலாவும் படுத்துடுச்சு: 2018ல சுமார் 47 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு, 2023ல வந்தது சுமார் 24 லட்சம் பேர்தான். அப்படியும் அரசு புதுசு புதுசா சொகுசு ஹோட்டல் கட்டிக்கிட்டே இருந்துச்சு. பழைய சின்ன ஊர் ஹோட்டல்கள் வரிசையில கடைசி.

ஒரு ராத்திரி, ஒரு மாசம்

2021ல கியூபா தன்னோட ரெண்டு நாணயங்கள்ல ஒண்ணை ஒழிச்சது. அப்போ குறைந்தபட்ச மாசச் சம்பளம் 2,100 பெசோன்னு வச்சாங்க. அரசு ரேட் டாலருக்கு 24 பெசோ. 2022 ஆகஸ்ட்ல அரசே டாலரை 120 பெசோவுக்கு வாங்க ஆரம்பிச்சது. அந்த ரேட்ல 2,100 பெசோங்கிறது வெறும் பதினேழரை டாலர். தெருவுல டாலர் இன்னும் விலை ஜாஸ்தி.

நான் ஒரு ராத்திரிக்குக் கொடுத்தது 30 டாலர். அதாவது 3,600 பெசோ.

என் மாடியில ரூம் சுத்தம் பண்ண அம்மாவுக்கு அறுபது வயசுகிட்ட இருக்கும். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல பேசினேன். எண்பதுகள்ல கல்யாணம் ஆனப்போ கடற்கரை ஹோட்டல் ஒண்ணுல மூணு நாள் தேனிலவுக்குப் போனாங்களாம். அந்தக் காலத்துல புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கும், நல்லா வேலை செஞ்ச தொழிலாளிகளுக்கும் சலுகை விலையில ஹோட்டல் ரூம் கிடைக்கும்.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. கியூபாவின் பொருளாதாரமும் சரிந்தது. 1993இல் டாலர் வைத்திருப்பது சட்டப்பூர்வமானது. சுற்றுலாதான் வருமானம் என்று ஆனது. டாலர் வாங்குற ஹோட்டல்கள்ல கியூபாக்காரங்க தங்கவே முடியாம போச்சு. 2008ல ராவுல் காஸ்ட்ரோ அந்தத் தடையை எடுத்தார். சட்டம் வழிவிட்டுடுச்சு, சம்பளம் விடல. அந்த அம்மா தேனிலவுக்கு அப்புறம் ஹோட்டல் கட்டில்ல படுத்ததே இல்லன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. தினம் எட்டு கட்டிலுக்கு விரிப்பு மாத்துறவங்க.

ரெண்டாவது ராத்திரி கரன்ட் போச்சு. அங்க அதுக்குப் பேரு 'அப்பகோன்'. ஹோட்டல்ல ஜெனரேட்டர் ஓடுச்சு. ஜன்னல்ல நின்னு பார்த்தா ஊரே இருட்டு. லைட் எரிஞ்ச எங்க கட்டடத்துல பாதி ரூம் காலி.

அப்போ எங்க தங்கலாம்?

1997லிருந்து வீட்டுல ரூம் வாடகைக்கு விட சட்டம் அனுமதிக்குது. 'காசா பர்த்திகுலார்'னு பேரு. வாசல்ல நங்கூரம் மாதிரி ஒரு நீல அடையாளம் இருந்தா, அது வெளிநாட்டுக்காரங்களுக்கான வீடு. உங்க காசு நேரா அந்தக் குடும்பத்துக்குப் போகும்; அவங்க அதுல அரசுக்கு வரி கட்டுவாங்க. பெரும்பாலும் சாப்பாடும் நல்லா இருக்கும். சின்ன ஊர்ல என் முதல் சிபாரிசு இதுதான்.

அரசு ஹோட்டல்தான்னு முடிவு பண்ணா: சோப்பு, டாய்லெட் பேப்பர், டார்ச் கொண்டு போங்க. அமெரிக்க பேங்க் கார்டு வேலை செய்யாது. யூரோவோ டாலரோ ரொக்கமா வச்சுக்கங்க. கிளம்பும்போது மிச்ச சோப்பை ரூம்லயே விட்டுட்டு, டிப்ஸை ரூம் சுத்தம் பண்ணவங்க கையிலயே கொடுங்க. நான் சொன்ன ரேட்ல ஒரு டாலர்ங்கிறது குறைந்தபட்ச சம்பளக் கணக்குல ஒன்றரை நாள் கூலி.

ரிவ்யூவுல சோப்பு இல்லன்னு தாராளமா எழுதுங்க. கூடவே, விரிப்பு சுத்தமா இருந்துச்சுன்னும் எழுதுங்க.