ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு: அளவுகோலை அறிந்து மதிப்பெண்ணை உயர்த்துவோம்

1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையுடன் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். இன்று அயல்நாட்டு உயர்கல்வியை நாடும் தலித் மாணவர் பலர், உதவித்தொகையுடன் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணையும் பெறவேண்டியுள்ளது. தமிழ்வழியில் பயின்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகளை அதில் பெரிதும் அச்சுறுத்துவது பேச்சுத் தேர்வு. ஆங்கிலம் புழங்கும் வீடு இங்கே சாதியோடும் வர்க்கத்தோடும் சேர்ந்தே வாய்க்கிறது. எனவே, தேர்வு எதை அளக்கிறது என்பதை நாம் துல்லியமாக அறியவேண்டும்.

11 முதல் 14 நிமிடங்கள் நடக்கும் இத்தேர்வுக்கு நான்கு அளவுகோல்கள்: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கண வீச்சும் பிழையின்மையும், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. உச்சரிப்பில் தெளிவே முக்கியம். பிரிட்டிஷ் தொனி தேவையில்லை. நம் கருத்துகள் தேர்வாளருக்கு உடன்பாடா என்பதற்கும் மதிப்பெண் இல்லை.

முதல் பகுதியில் ஊர், படிப்பு, அன்றாட வாழ்வு பற்றிய எளிய வினாக்கள் வரும். ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு தரப்படும். 1 நிமிடம் குறிப்பெடுத்து, 2 நிமிடங்கள் வரை பேசலாம். மனப்பாட விடைகளைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார். நாம் பாடம் நடத்திய மாலைப் பள்ளி, நம்மைப் படிக்கவைத்த தாய் என, அறிந்த வாழ்விலிருந்து பேசினால் சொற்கள் தடையின்றி வரும். மூன்றாம் பகுதி விவாதம். வாசகர் வட்டங்களில் வாதிட்டுப் பழகியோருக்கு இது சாதகமான களம்: கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, மறுதரப்புக்கு விடை என்ற வரிசை போதும். வினா புரியாவிடில் மீண்டும் கேட்கத் தயங்கவேண்டாம்.

நாள்தோறும் 2 நிமிடப் பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்து, நான்கு அளவுகோல்களாலும் நாமே சோதிக்கலாம். திரும்பத் திரும்ப நேரும் பிழை ஒன்றை வாரந்தோறும் திருத்தினால் முன்னேற்றம் தெரியும்.

முடிவு ஐயத்துக்குரியதாயின், குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் கட்டணம் செலுத்தி மறுமதிப்பீடு கோரலாம். மதிப்பெண் உயர்ந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பேச்சுத் தேர்வு பதிவுசெய்யப்படுவதால் அதுவும் மறுமதிப்பீட்டுக்கு உரியதே.

தனியார் பயிற்சிக் கட்டணம் எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆங்கில உரையாடல் வகுப்புகளை அரசு நடத்தவேண்டும் எனக் கோருவோம். அதுவரை, விடுதி அறையில் நால்வர் கூடினாலே ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கிவிடலாம்.