சத்தம் குறையட்டும்... சங்கீதம் நிறையட்டும்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹாலில் ஸ்டீரியோ பாடுகிறது. பாட்டு கேட்கிறது, வார்த்தைதான் புரியவில்லை. வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுகிறீர்கள். இப்போது 'தொம்... தொம்' என்று வீடே அதிர்கிறது. இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறீர்கள். வாசலில் காலிங் பெல்... கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர்!

'செட்டு சரியில்லை, வேற வாங்கணும்' என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு செட்டில் இல்லை, ஹாலில்தான் இருக்கிறது.

நம்ம ஊர் வாடகை வீட்டு ஹாலைப் பாருங்கள். சிமென்ட் பூசிய நாலு சுவர், வழுவழு டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட் தளம். ஸ்பீக்கரிலிருந்து நேராக உங்கள் காதுக்கு வரும் ஒலி ஒரு பங்கு என்றால், இவற்றில் மோதித் திரும்பி வருவது பல பங்கு. எல்லாம் கலந்து, வார்த்தைகள் மழுங்கிப் போகின்றன. வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். தாத்தா டி.வி.யை அலற விடுவதற்கு அவருடைய காது மட்டுமல்ல, ஹாலும் ஒரு காரணமாக இருக்கலாம்!

காதுக்கு என்ன ஆகும்?

ஒவ்வொரு உட்காதிலும் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குச் சொல்வது இவைதான். அதிக சத்தத்தில் இவை செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை.

செல்போன், ஹெட்போன்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு அளவு சொன்னது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணிதான்! குழந்தைகளுக்கு 75 டெசிபல். சத்தம் ஹெட்போனில் வந்ததா, ஸ்பீக்கரில் வந்ததா என்று காது பார்ப்பதில்லை.

மீட்டர் இல்லையே என்கிறீர்களா? கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம். அவ்வளவுதான்.

மெத்தை சொன்ன பாடம்

1895. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடம். பேசிய வார்த்தை சுமார் ஐந்தரை விநாடி ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி, ராத்திரியில் கூடத்தில் பரப்பி அளந்து பார்த்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்!

ஒரு சுவரையும் அவர் இடிக்கவில்லை. உங்களுக்கும் ஆணி கூட வேண்டாம்.

என்ன செய்யலாம்?

* பத்துக்குப் பன்னிரண்டு ஹால் என்று வைத்துக்கொள்வோம். பத்தடிச் சுவர்ப் பக்கம் இரண்டு ஸ்பீக்கரையும் ஆறடி இடைவெளியில் வையுங்கள். நீங்கள் உட்காருமிடம் இரண்டிலிருந்தும் ஒரே தூரத்தில், ஆறேழு அடியில் இருக்கட்டும்.

* மூலையில் திணிக்காதீர்கள். மூலைதான் அந்தத் 'தொம் தொம்'முக்குக் காரணம். பின்சுவரிலிருந்து ஒரு அடியாவது முன்னால் இழுத்து வையுங்கள்.

* தரையில் வேண்டாம். ஆடாத ஸ்டூல் மேல், சின்ன ஸ்பீக்கர் உங்கள் காது மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். அடியில் ரப்பர் துண்டு போட்டால் அதிர்வு குறையும்.

* வயரில் சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு சேர்ந்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பாஸ் சத்தம் சப்பென்று போய்விடும். பாடகர் குரல் நடுவிலிருந்து வந்தால் எல்லாம் சரி.

* நீங்கள் உட்கார்ந்துகொண்டு, பக்கச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி மோதித் திரும்புகிறது. அந்த இடத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டை நிறுத்தி, கனமான போர்வையை மடித்துத் தொங்கவிடுங்கள். புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் உதவும்.

* தரையில் தடிமனான ஜமக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை. முட்டை அட்டை ஒட்டுவது பெரும்பாலும் வீண் வேலை.

போட்ட பிறகு நடு ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். முன்பு 'டிர்ர்' என்று இழுத்த ஒலி, இப்போது 'டப்'பென்று நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. போர்வையும் ஜமக்காளமும் உங்கள் ஹாலுக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதற்கு ஒரே வழி, வால்யூமைக் குறைப்பதுதான்.

இப்போது அதே பாட்டைப் போடுங்கள். வார்த்தை புரியும் வரை மெல்ல ஏற்றுங்கள். பழைய அளவுக்கு முன்பே கை நின்றுவிடும். நின்றால், காது பிழைத்தது! அப்படியும் தாத்தாவுக்குப் புரியவில்லையா? இனி குறை ஹாலில் இல்லை. காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அழைத்துப்போய்க் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

நாளைக்கே வீடு மாறினாலும் கவலையில்லை. ஜமக்காளமும் போர்வையும் கூடவே வந்துவிடும். சுவரில் ஒரு ஓட்டை இல்லை. அட்வான்ஸும் முழுசாகத் திரும்பும்!