பழுப்பு க்ரேயானுக்கு ஜே!

குட்டீஸ்... உங்களை நீங்களே வரைந்து, வண்ணம் தீட்டச் சொன்னால், முகத்துக்கு எந்த க்ரேயானை எடுப்பீங்க?

நான் டீச்சராக இருந்தபோது, ஆண்டுதோறும் வகுப்பில் இப்படி வரையச் சொல்வேன். கறுப்பாக, மாநிறமாக இருக்கும் பிள்ளைகளும், இளஞ்சிவப்பு க்ரேயானைத் தான் தேடுவர். அதற்கு, 'ஸ்கின் கலர்' என்று பெயர் வேறு! 'உன் கை இந்த நிறத்திலா இருக்கு?' என்று கேட்டால், தலையைக் குனிந்து கொள்வர்.

இந்தத் தலைகுனிவைப் போக்க, ஒரு படக்கதைப் புத்தகம் உதவியது தெரியுமா?

அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், 1916ல் பிறந்தவர், எஸ்ரா ஜாக் கீட்ஸ். போலந்திலிருந்து பிழைக்க வந்த, ஏழை யூதக் குடும்பம். யூதர்கள் மீது பலர் காட்டிய வெறுப்பால், தன் பெயரையே மாற்றிக் கொண்டவர். ஒதுக்கப்படும் வலி, அவருக்குத் தெரியும்.

அக்காலத்தில், அங்கு வந்த படக்கதைகளில், பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைகளே ஹீரோ. கீட்சுக்கு இது உறுத்தியது. 1940ல், 'லைஃப்' பத்திரிகையில் வந்த, கறுப்பினச் சிறுவன் ஒருவனின் புகைப்படங்களை வெட்டி எடுத்து, 20 ஆண்டுகளுக்கும் மேல் பத்திரமாக வைத்திருந்தார். அந்தச் சிறுவன் தான், 1962ல் வெளியான, 'தி ஸ்னோயி டே' புத்தகத்தில், பீட்டர் ஆனான்!

கதை ரொம்ப எளிது. சிவப்பு உடை அணிந்து, பனியில் விளையாடுகிறான் பீட்டர். மறுநாள் விளையாட, ஒரு பனி உருண்டையை சட்டைப் பையில் போட்டு, வீட்டுக்கு எடுத்து வருகிறான். அது உருகிப் போக, சோகமாகிறான். காலையில் பார்த்தால், மீண்டும் பனி! நண்பனுடன் ஓடுகிறான். அவன் நிறம் பற்றி, கதையில் ஒரு வார்த்தை கூட இல்லை. எல்லாரையும் போல, அவனும் ஒரு குழந்தை, அவ்வளவு தான்!

இப்புத்தகம், 1963ல், படக்கதைகளுக்கான, 'கால்டிகாட்' விருது பெற்றது. ஆனால், அதை விடப் பெரிய பரிசு, கீட்சுக்கு ஒரு ஆசிரியையின் கடிதத்தில் வந்தது. அதுவரை, தங்களை இளஞ்சிவப்பில் வரைந்த கறுப்பினக் குழந்தைகள், இக்கதையைப் படித்தபின், பழுப்பு க்ரேயானை எடுத்தனராம்!

பீட்டர் கதைகள் தொடர்ந்தன. 1967ல் வந்த, 'பீட்டர்ஸ் சேர்' கதையில், தன் பொருட்களை எல்லாம் தங்கைப் பாப்பாவுக்குக் கொடுப்பதைப் பார்த்து, கோபித்துக் கொள்கிறான் பீட்டர்; தன் குட்டி நாற்காலியுடன் வெளியேறுகிறான். உட்கார்ந்து பார்த்தால், இடம் போதவில்லை. அவன் வளர்ந்து விட்டான்! பின், அப்பாவுடன் சேர்ந்து, அவனே தங்கைக்காக அந்த நாற்காலிக்கு வண்ணம் பூசுகிறான்.

புரிகிறதா குட்டீஸ்... தன்னை மதிக்கத் தெரிந்தவனுக்கு, விட்டுக் கொடுக்கவும் தெரியும். பிறரை மட்டம் தட்டத் தோன்றாது.

உங்க வகுப்பில், நிறத்தையோ, உயரத்தையோ வைத்து, யாருக்காவது பட்டப்பெயர் சூட்டியிருக்கீங்களா? நாளை முதல், அவங்க சொந்தப் பெயரைச் சொல்லி அழையுங்க. இன்று மாலை, உங்க படத்தை, உங்க சொந்த நிறத்தில் வரைந்து பாருங்க. ரொம்ப அழகா இருக்கும்!