நிலக்கடலை விதையைப் பூஞ்சணத்திலிருந்து தைலம் காக்குமா?

ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை அறுவடைக்கு வரும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வந்துவிடுகிறது. அரைகுறையாகக் காய்ந்த காயை மூட்டை கட்டினால், சில நாட்களிலேயே பருப்பில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் பூக்கும். அடுத்த பட்டத்துக்கு வைத்த விதை முளைப்புத்திறன் இழப்பது ஒரு நட்டம். இதைவிடப் பெரியது, அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்கு, தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான் காரணம்.

இந்தப் பூஞ்சணத்தைத் தடுக்க கிராம்பு, எலுமிச்சைப்புல், ஓமம் ஆகியவற்றின் தைலங்கள் உதவும். இவற்றில் உள்ள யூஜினால், சிட்ரால், தைமால் போன்ற பொருட்கள் பூஞ்சணத்தின் செல் சவ்வைச் சிதைக்கின்றன. ஆவியாகக் கூடியவை என்பதால் காயில் தடவாமலே வேலை செய்யும். வேப்பெண்ணெய் இந்த வகை அல்ல. வாங்கும் தைலத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். ஆவியான பிறகும் எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

ஆனால் தைலம் ஈரத்துக்கு மருந்து அல்ல. முதலில் காய வைக்க வேண்டும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். சான்று விதைத் தரப்படி சாக்கில் வைக்க ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காற்றுப்புகாத கலன் என்றால் 5 சதவீதம்தான். விதைக் காயை உச்சி வெயிலில் போடாமல் காலை, மாலை வெயிலில் உலர்த்துங்கள்.

சாக்கில் தைலம் வைப்பது வீண், ஆவி வெளியேறிவிடும். மூடியுள்ள டிரம்மில் காயைக் கொட்டி, தைலம் நனைத்த பஞ்சைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து மேலே வையுங்கள். தைலம் காயில் படக் கூடாது. அதிகமானால் முளைப்பு கெடும். பிளாஸ்டிக்கிலும் படாமல் பாருங்கள், சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கிராம்புத் தைலம் கையையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் கையுறை வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. வாரம் ஒருமுறை மூடியின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றே காயைக் கொட்டி உலர்த்துங்கள். வாசனை குறைந்தால் தைலத்தின் வேலையும் குறைந்துவிட்டது என்று பொருள்.

மொத்த விதையிலும் முதல் ஆண்டே இறங்க வேண்டாம். பத்து கிலோவைப் பாதியாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் தைலம் வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டிலும் 100 பருப்பு எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து பத்தாம் நாள் எண்ணுங்கள். 70-க்குக் குறையாமல் முளைத்தால் நல்ல விதை. கொடி ரகமென்றால் விதை உறக்கத்தால் இரண்டு பாதியுமே குறைவாக முளைக்கலாம். அப்போது இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த காயைத் தைலம் வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பூஞ்சணம் செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலிலும் நஞ்சு வரும். குழந்தைகள் குடிக்கும் பால் அது. அப்படிப்பட்ட காயைத் தனியே பொறுக்கி எரித்துவிடுங்கள்.

விதைப்பதற்கு முன் காயை உடைத்து, பருப்பை நிழலில் பரப்பி வாசனை போக ஆற விடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்வதாக இருந்தால் இது மிக அவசியம். அதுவும் பூஞ்சணம்தான், தைலத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. மீந்த விதையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள், எண்ணெயில் வாடை ஏறிவிடும்.