கொழு இறங்காத குன்றுகள்

இந்த மேட்டில் சற்றே தோண்டினால் போதும், சுண்ணாம்புப் பாறை தட்டும். அதன் இடையிடையே சக்கிமுக்கிக்கல். கான்சஸ் மாநிலத்தின் சேஸ் கவுண்டியில் குடியேறியவர்கள் ஆற்றோர வண்டலை உழுதார்கள்; குன்றுகளில் கொழு இறங்கவில்லை. அதனால்தான் புல் பிழைத்தது. வட அமெரிக்காவின் உயர்புல் வெளியில் இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இந்த ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில்தான்.

வசந்தத்தில் வந்தால் குன்றுகள் கரிந்து கிடக்கும். பதற வேண்டாம், பண்ணைக்காரர்களே வைத்த தீ அது. மரக்கன்றுகளை நெருப்பு தின்றுவிடும்; புல்லின் வேரோ மண்ணுக்குள் ஆழத்தில் பத்திரமாக இருக்கும். சில நாட்களில் பச்சை துளிர்க்கும், கோடையில் மாடுகள் மேயும். கான்சா, ஓசேஜ் பூர்வகுடிகள் இந்தத் தீயின் பயனை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

உழவைத் தடுத்த கல்லே வேலியும் வீடுமாயிற்று. காட்டன்வுட் ஃபால்ஸில் 1873-ல் அதைக்கொண்டு எழுப்பிய நீதிமன்றம் இன்றும் இயங்குகிறது. 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுவதற்கும் 2,572 பேர். பக்கத்துப் பண்ணையின் விளக்கொளிகூட எட்டாத தொலைவு. தீ வைக்கும் நாளில் அந்தப் பண்ணைக்காரர் தண்ணீர்த் தொட்டியோடு வந்து நிற்பார்.