சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும்

2020 மார்ச் 23 அன்று பிரித்தானியாவில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபின் லண்டனின் லூயிஷாம் பகுதி வீடுகளில் மாலைதோறும் தொலைக்காட்சியில் தெரிந்த அமைச்சர்களின் உரைமேடைப் பலகை, மஞ்சள் நிறமும் சாய்ந்த சிவப்புப் பட்டைகளுமாக, வீட்டிலேயே இருக்கும்படி மக்களை எச்சரித்தது. மே 10 அன்று சிவப்பு பச்சையாயிற்று; வாசகமும் விழிப்பாக இருங்கள் என்று மாறியது. போகலாம் என்று பொருள்படும் பச்சையே மக்களின் அச்சத்தைத் தணித்துவிடும் என்று எழுந்த விமரிசனம், ஒரு நிறத்தின்மீது அது தாங்கக்கூடியதைவிட மிகுந்த பாரத்தை ஏற்றியது.

நிறம் அச்சத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட அச்சத்தை எப்படி எடைபோடுவது என்பதை மட்டுமே மாற்றுகிறது. 2009இல் வெளியான ஆய்வொன்றில் மேரி ஜெரெண்ட், டிரிஷியா சயஸ் இருவரும் மனித பாப்பிலோமா வைரஸ் தடுப்பூசி பற்றிய செய்தியை, போட்டால் வரும் நன்மையாகவும் போடாவிட்டால் நேரும் இழப்பாகவும் இருவகையில் இளைஞர்களுக்குக் கொடுத்தனர். சிவப்பு கண்ணில் பட்டிருந்தபோது மட்டுமே இழப்பைச் சொன்ன செய்தி கூடுதலாக எடுபட்டது. இவ்வாறு ஒரு குறிப்பு, பின்வருவதை மனம் ஏற்கும் விதத்தை முன்கூட்டியே சாய்த்துவிடுவதை முன்தூண்டல் என்பர். ஆயினும் அந்த ஆய்வு ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணத்தை அளந்ததேயன்றிப் போட்டுக்கொண்டவர்களை எண்ணவில்லை என்பதை நிறத்தை விற்போர் சொல்வதில்லை. சிவப்பின் பொருள் சூழலைச் சார்ந்தது என்பதற்குத் தமிழருக்குச் சான்று தேவையில்லை: கோயில் மதிலின் காவி-வெள்ளைப் பட்டைகளும் கூறைச் சேலையும் குங்குமமும் எவரையும் விரட்டுவதில்லை.

நிறத்தை விட்டு அச்சத்துக்கு வந்தால், அச்சமூட்டும் பரப்புரை பற்றிய சோதனைகள், பற்பராமரிப்பு குறித்து ஜேனிஸும் ஃபெஷ்பாக்கும் 1953இல் நடத்திய ஆய்விலிருந்து தொடங்குகின்றன.

அவற்றுள் நின்று கவனிக்கத்தக்கது, யேல் பல்கலைக்கழகத்தில் லெவெந்தால் குழுவினர் 1965இல் வெளியிட்ட ஆய்வாகும். இரணஜன்னித் தடுப்பூசி பற்றி மாணவருக்குக் கடும் அச்சமூட்டும் கையேடும் மிதமான கையேடும் தரப்பட்டன. அச்சம் கூடியபோது மனப்பான்மை மாறியது, ஊசி போட்டுக்கொண்டவர் எண்ணிக்கையோ மாறவில்லை. மருத்துவ நிலையத்தைக் காட்டும் வரைபடத்தையும் எப்போது செல்வது என்று திட்டமிடும் குறிப்பையும் சேர்த்தபோது அது சுமார் 3 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. குழம்பில் மிளகாய் போன்றது அச்சம்: சோறில்லாமல் காரத்தை மட்டும் பரிமாறினால் உண்பவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார், சோறு இங்கே செய்ய வேண்டிய செயல், நிறமோ காஷ்மீரி மிளகாய்த்தூள், குழம்பைச் செக்கச்செவேலென ஆக்கும், ஆனால் காரம் குறைவு, பசியாற்றவும் ஆற்றாது.

இந்த அளவுகோலால் பார்த்தால், மே 10 அன்று நேர்ந்த பெரிய இழப்பு சிவப்பன்று, வினைச்சொல்லே. வீட்டில் இருப்பது யாரும் செய்து முடிக்கக்கூடிய செயல்; விழிப்பாக இருப்பதை எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்வது என்று அந்தப் பலகை சொல்லவில்லை. ஸ்கொட்லாந்தின் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் புதிய வாசகத்தை ஏற்க மறுத்தபோது எழுப்பிய ஆட்சேபம் நிறத்தைப் பற்றியதன்று, அதன் பொருள் தெளிவாக இல்லை என்பதே. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் வீட்டில் இருங்கள் என்ற சொல்லையே தொடர்ந்தன.